மீட்டர்காரரின் எட்டு எலிகள்

தண்ணீர் மீட்டர் பார்க்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரின் ஞாபகம், ஓர் ஆண்டின் மூன்றாம் மாதத்தின் முதல் திங்கட்கிழமை காலை எட்டேகால் மணிக்கு அவரை விட்டுக் கிளம்பி, நான்கு கிலோமீட்டர் தள்ளியிருந்த மூலிகைச் சாறு கம்பெனியின் இரண்டாம் மாடியில் பதினாறு கிழட்டு எலிகளுக்குள் போய்க் குடியேறியது. அன்று வெங்காயம் விலை ஏறியிருந்தது. மற்றபடி ஊரில் விசேஷமாக ஒன்றும் இல்லை. எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்கள். அந்த ஞாபகத்துக்குப் பதினாறு வளை கிடைத்தது.

பெரியவர் முப்பத்தொரு ஆண்டு ஆயிரத்து நூறு வீடுகளுக்கு மீட்டர் பார்த்தவர். மனிதர்களின் பெயர் அவருக்கு நிற்காது; மீட்டர் நம்பர் நிற்கும். யாராவது செத்துப்போனால், "அட, மெதுவா ஓடுமே, அந்த நானூத்திப் பதினேழு வீடா?" என்று வருத்தப்படுவார். மீட்டர் குழிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, கட்டை விரலால் கண்ணாடித் தூசியைத் துடைத்து, தலையை இடப்பக்கமாகச் சாய்த்து, எண்ணை இரண்டு தடவை முணுமுணுத்த பிறகுதான் எழுதுவார். ஒரு தடவை முணுமுணுத்து எழுதுகிறவர்களை அவர் வேலைக்காரர்களாகவே மதித்ததில்லை. மனைவி போய் இருபத்து மூன்று ஆண்டு ஆகிறது. ஒரே மகளும் அவரும் மாடிவீட்டின் கீழ்ப்பகுதியில் வாடகைக்கு இருந்தார்கள்.

மகளுக்கு நாற்பத்து மூன்று வயது. அந்தச் சாறு கம்பெனியில் பத்தொன்பது ஆண்டாக டெக்னீஷியன். சதுப்பு ஓரத்தில் படர்கிற ஒரு சின்ன இலைக் கொடியை மூட்டை மூட்டையாக வாங்கி, உலர்த்தி, அரைத்து, ஸ்பிரிட்டில் ஊறவைத்து, காற்றில்லாத கொப்பரையில் சுண்டக் காய்ச்சி, தார் போன்ற விழுதாக எடுப்பது அங்கே நடக்கிற வேலை. அந்த விழுதை எலிகளுக்குக் கொடுத்து என்ன ஆகிறது என்று எழுதி வைப்பது இவள் வேலை. இலையின் கசப்பு வாடை அவள் கூந்தலில் ஏறி, எத்தனை முறை தலைக்குக் குளித்தாலும் இறங்காமல் இருந்தது. தெருவில் அவளுக்கு எலிக்காரி என்று பெயர். முகத்துக்கு நேராக யாரும் சொன்னதில்லை என்பதால் அவளுக்கு அது நன்றாகத் தெரிந்திருந்தது.

இந்த எலிக்காரி, ஞாபகம் குடிபோவதற்கு முன்னால், பெற்ற அப்பாவோடு மூன்று ஆண்டு ஒரு வார்த்தை பேசாமல் இருந்தவள். காரணம் ஜெராக்ஸ் கடைக்காரர். நிதானமான மனிதர், நகல் எடுத்த காகிதங்களை நான்கு ஓரமும் தட்டி ஒழுங்காக்கித்தான் கையில் கொடுப்பார். அவளுடைய முப்பத்தேழாவது வயதில் அவர் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் பெண் கேட்டார். அப்பா, "எம் பொண்ணுக்கு அந்த மாதிரி எண்ணமே இல்லைங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அவளிடம் கேட்கவும் இல்லை, பிறகு சொல்லவும் இல்லை. மூன்று ஆண்டு கழித்து அவள் ஒரு சான்றிதழை நகல் எடுக்கப் போனபோது, அதற்குள் கல்யாணமாகிவிட்டிருந்த கடைக்காரரே பேச்சோடு பேச்சாக, "உங்களுக்கு இஷ்டமில்லன்னு அப்பா சொன்னாரு. அதனால என்னங்க, பரவால்ல" என்றார். அவள் சில்லறையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அன்றிரவு தட்டை மேஜையில் வைத்தபோது ஒரு சத்தம் வந்தது. அடுத்த மூன்று ஆண்டுக்கு அவள் அப்பாவிடம் பேசியது அந்தச் சத்தம் ஒன்றுதான்.

சாப்பாடு வேளைக்கு வந்தது, மருந்து வேளைக்கு வந்தது, சட்டை தேய்த்து மடித்து வந்தது. வார்த்தை மட்டும் வரவில்லை. முதல் ஆண்டு அவர், "என்னம்மா ஆச்சு, சொல்லும்மா" என்று பின்னாலேயே நடந்தார். இரண்டாம் ஆண்டு ரேடியோவிடம் பேசினார். மூன்றாம் ஆண்டு ரேடியோவையும் அணைத்துவிட்டார். அவளுக்குக் கோபம் எப்போதோ ஆறிப்போயிருந்தது. ஆனால் மௌனம் சுவர் மாதிரி. கட்டியவர்களுக்கே கதவு எங்கே வைத்தோம் என்பது மறந்துபோகும். நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்று ஆயிரம் நாள் தள்ளினாள். ஒரு நாள் அவர் தட்டிலிருந்து நிமிர்ந்து பார்த்து, மரியாதையாக, "நீங்க எந்த வீட்டுப் பொண்ணும்மா? மீட்டர் நம்பர் என்ன?" என்று கேட்டார்.

"அப்பா," என்றாள் அவள். மூன்று ஆண்டில் அதுதான் முதல் சொல்.

"அப்பாவா?" என்று அவர் யோசித்தார். "பொண்ணுக்குப் போயி அப்பான்னு யாரு பேரு வெச்சது?"

ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். வயசு என்றார்கள். வீட்டில் மனஅழுத்தம் ஏதாவது உண்டா என்று அங்கிருந்த இளம் டாக்டர் கேட்டபோது அவள், "அதெல்லாம் ஒண்ணும் இல்லைங்க" என்றாள். அந்த மாதமே கம்பெனியில் புது ஆராய்ச்சி ஒன்றுக்கான திட்டத்தை அவள்தான் டைப் அடிக்க வேண்டியிருந்தது. நீண்ட நாள் மனஅழுத்தம் முதிய மூளையில் ஞாபகத்தைக் காக்கும் பகுதியைச் சுருங்கச் செய்கிறது என்பது அதன் முதல் வரி. அந்த வரியில் எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. அவள் பதினோரு தடவை சரிபார்த்தாள்.

அப்பா வெளியே போக ஆரம்பித்தார். கண்டவர் வீட்டுக் காம்பவுண்டுக்குள் நுழைந்து, குந்தி உட்கார்ந்து, இல்லாத கண்ணாடியைத் துடைத்தார். ஒரு வீட்டில் திருடன் என்று நினைத்து விளக்குமாற்றைத் தூக்கினார்கள். இன்னொரு நாள் நடுரோட்டில் சாக்கடை மூடியைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். இரண்டு பஸ் நின்றன. மகளுக்கு விடுப்பு தீர்ந்துபோயிற்று. ஆள் வைத்துப் பார்த்தாள். வந்த அம்மாள் மூன்றாம் நாளே, "இவரு என்னை ஒரு நம்பர் சொல்லிக் கூப்பிடுறாரு, எனக்குப் பயமா இருக்கு" என்று நின்றுவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை கடைத்தெருவில் ஒரு பூட்டு வாங்கினாள். திங்கட்கிழமை காலை எட்டேகால் மணிக்கு, "இருங்கப்பா, அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன்" என்று சொல்லி வெளியே பூட்டினாள். மாலை ஐந்தரைக்குத் திறந்தபோது, சொன்ன இடத்தில், கதவுக்கு நேராகப் போட்ட நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். மறுநாளும் அதே ஐந்து நிமிஷத்தைச் சொன்னாள். அவர் மறுநாளும் நம்பினார். மறதியின் ஒரே சௌகரியம் அதுதான் என்று அவள் நினைத்தாள், நினைத்ததற்காகத் தன்னையே வைதுகொண்டாள், வைதுகொண்டே பூட்டினாள்.

மாடியில் தையல்காரம்மா இருந்தாள். வாரக் கடைசியில் படியில் வைத்துச் சொன்னாள். "அக்கா, தப்பா நெனைக்காதீங்க. காலையில பத்து மணிக்குக் கதவத் தட்ட ஆரம்பிக்கிறாரு. நான் வந்து ஜன்னல் வழியா பேசிப் பாக்குறேன், கேக்க மாட்டேங்குறாரு. அரை மணி நேரம் தட்டுவாரு. அப்புறம் அமைதியாயிடறாரு."

"அமைதியாயிடறாருல்ல?" என்று மகள் கேட்டாள்.

"ஆமாக்கா. கப்புன்னு."

"அப்ப சரி," என்றாள் மகள். பிற்காலத்தில் தன் வாழ்க்கையில் திரும்ப எடுத்துக்கொள்ள விரும்பிய வார்த்தைகளை அவள் வரிசைப்படுத்தியபோது இந்த இரண்டும் முதலில் நின்றன.

ஏனென்றால் அதே திங்கட்கிழமைதான் கம்பெனியில் நாற்பது நாள் சோதனை தொடங்கியது. பதினாறு எலிகள், எல்லாம் இரண்டு வயது தாண்டியவை. மனிதக் கணக்கில் எழுபது. அவற்றில் எட்டுக்குத் தினமும் காலையில் இலைச்சாறு, மற்ற எட்டுக்கு வெறும் தண்ணீர். பிறகு பத்து மணி முதல் பன்னிரண்டு மணி வரை ஒவ்வொன்றையும் திரும்பக்கூட முடியாத ஒரு குழாய்க்குள் விட்டு மூட வேண்டும். மூச்சுக்கு ஓட்டைகள் உண்டு. அடி, உதை, பட்டினி ஒன்றும் கிடையாது. அடைத்து வைப்பது, அவ்வளவே. மத்தியானம், பலகையால் சந்து பொந்தாகக் கட்டிய பாதையில் விட்டு, கோடியில் இருக்கும் தீனிக்கு வழி ஞாபகம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எலிகள் குழாயை அரை மணி நேரம் பிறாண்டின. பிறகு அசையாமல் கிடந்தன. அவள் நோட்டில் நேரத்தைப் போட்டு, அமைதியாகிவிட்டது என்று எழுதினாள். பொறுப்பிலிருந்த எலி டாக்டரம்மா, தடித்த கண்ணாடி போட்ட, வாயில் எப்போதும் ஏலக்காய் அடக்கியிருக்கும் மனுஷி, நோட்டைப் புரட்டிவிட்டு அந்த வார்த்தையின் மேல் விரலை வைத்தாள்.

"அமைதின்னு எழுதாதம்மா. அது அமைதி இல்ல. யாரும் வரமாட்டாங்கன்னு அதுக்குத் தெரிஞ்சுபோச்சு. 'விட்டுவிட்டது'ன்னு எழுது."

அவள் அடித்துவிட்டு எழுதினாள். அன்று மாலை பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தாள்.

மூன்றாம் வாரத்தில் சாறு குடித்த எலிகள் மீட்டர் பார்க்கத் தொடங்கின. பாதையில் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, குந்தி உட்கார்ந்து, முன்னங்காலால் பலகையைத் துடைத்து, தலையை இடப்பக்கம் சாய்த்து, வாயை இரண்டு தடவை அசைத்துவிட்டு அடுத்த திருப்பத்துக்குப் போயின. ஒரு தடவை அசைத்துவிட்டுப் போன எலி ஒன்றுகூட இல்லை. தண்ணீர் குடித்த எட்டும் சுவரில் முட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தன. மகள் பென்சிலைக் கீழே வைத்தாள். வீட்டுக்குப் போய், "அப்பா, மீட்டர எப்படிப் பார்ப்பீங்க?" என்று கேட்டாள். அவர் கையை விரித்து, அது வேறு யாருடைய கையோ என்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு நாளும் பூட்டின பிறகு அவரிடமிருந்து ஏதோ ஒன்று போயிற்று. அன்று மத்தியானமே ஓர் எலிக்கு அது வந்தது. அவர் சட்டைப் பொத்தான் போட மறந்த நாளில் ஓர் எலி நாள் முழுக்கத் தன் மார்பு மயிரை மேலிருந்து கீழாக ஐந்து இடத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்தது. டாக்டரம்மாவிடம் சொன்னாள். அவளும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். "உங்கப்பா நிதானமான மனுஷன் போலிருக்கே," என்றாள். "ஆனா இதை எழுதறதுக்கு நோட்டுல கட்டம் இல்லம்மா."

மகள் திருடவும் செய்தாள். கொப்பரை அடியிலிருந்து ஒரு கரண்டி விழுதை மருந்துப் புட்டியில் வழித்துக்கொண்டு வந்து பாலில் கலக்கிக் கொடுத்தாள். பெரியவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தார். ஒன்றும் திரும்பவில்லை. அது இருக்கிறதைக் காக்கும் சாறு, போனதைக் கூட்டிவருகிற சாறு அல்ல. அந்தக் கசப்பு பட்டதும் அவர் அவள் தலையை முகர்ந்து, "ரொம்பப் பழகின வாசனையா இருக்கே" என்றதுதான் அதனால் கிடைத்த லாபம்.

சாறு குடித்த எட்டில் காது கிழிந்த எலி ஒன்று இருந்தது. அது மீட்டர் பார்க்கவில்லை. ஒரே ஒரு வழிதான் போகும். இடப்பக்கம், மறுபடி இடப்பக்கம், இரண்டு சந்தை விட்டு வலப்பக்கம், நெட்டுக்கு ஒரு ஓட்டம், பிறகு இடப்பக்கம். அங்கே பாதை முட்டிக்கொண்டு நிற்கும். தீனி இருந்தது எதிர்க்கோடியில். எலி அந்த முட்டுச் சுவருக்கு முன்னால் பின்னங்காலில் எழுந்து நின்று, ஒரு முன்னங்காலைத் தூக்கி, சுவரில் படுவதற்கு ஒரு மயிரிழைக்கு முன்னால் நிறுத்தி, இறக்கிவிடும். மூன்று தடவை. பிறகு தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்த வழியே திரும்பும். தினமும் இதே கதை. ஒரு சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்ததும், அவள் தன் வீட்டு வாசலிலிருந்து அந்த வழியைக் காலால் நடந்தாள். இடப்பக்கம், மறுபடி இடப்பக்கம், இரண்டு சந்தை விட்டு வலப்பக்கம், நெட்டுக்கு நீளமான ஒரு தெரு, பிறகு இடப்பக்கம். நீல வண்ணம் அடித்த ஒரு கதவு வந்தது. அவள் தட்டினாள்.

ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே ஒரு பெண் திறந்தாள். உள்ளே சுவரில், நான்கு ஓரமும் ஒழுங்காகத் தட்டி அடுக்கிய காகிதக் கட்டுகள் தெரிந்தன. ஜெராக்ஸ் கடைக்காரரின் மனைவி. மீட்டர் பார்க்கிற என் அப்பா இங்கே வந்ததுண்டா என்று மகள் கேட்டாள்.

"மீட்டர் பாக்கறவரா? பெரியவரு, தலைய சாய்ச்சு சாய்ச்சுப் பாப்பாரே, அவரு உங்கப்பாவா?" என்றாள் அவள். "நல்லா இருக்காரா? முன்னல்லாம் வாரத்துல ரெண்டு நாள் வந்துடுவாருங்க. கதவத் தட்டக் கையத் தூக்குவாரு, தட்ட மாட்டாரு. நான் ஜன்னல்ல இருந்து பாத்துக்கிட்டே இருப்பேன். ஒரு நாள் பாவமா இருந்துச்சு, நானே திறந்துட்டேன். தண்ணி மீட்டர் சரியா ஓடுதான்னு பாக்க வந்தேன்னாரு." அவள் சிரித்தாள். "எங்க வீட்டுல மீட்டரே கிடையாது. கிணறு."

"வேற ஏதாவது சொன்னாரா?"

"கடைசியா வந்தப்ப ஒண்ணு கேட்டாரு. உங்க வீட்டுக்காரரு உங்கள நல்லா பாத்துக்கறாராம்மான்னு. எனக்கு ஒண்ணும் புரியல. நல்லாத்தான் பாத்துக்கறாருங்கன்னேன். அப்படியா, அப்ப நான் தப்புத்தான் பண்ணிட்டேன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. அதுக்கப்புறம் வரவே இல்ல."

மகள் திரும்பி நடந்தாள். அந்த நீளத் தெருவின் பாதி வரைக்கும் வந்தாள். யார் வீட்டுப் படியிலோ உட்கார்ந்தாள். தட்டை வைத்த சத்தத்தோடு அவள் எழுந்துபோன நாட்களில், கையைக் கழுவிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, இத்தனை தூரம் நடந்து, ஒரு மன்னிப்பைத் தூக்கி, தட்டாமல் இறக்கி, மறுபடி இத்தனை தூரம் திரும்பி வந்திருக்கிறார். அவர் உலாவப் போகிறார் என்றே அவள் நினைத்திருந்தாள். அதுவும் அவளை எரிச்சல்படுத்தியிருந்தது.

நாற்பதாம் நாள் வந்தது. திட்டப்படி தண்ணீர் குடித்த எட்டையும் முதலில் தூங்கவைத்து, மூளையை எடுத்துச் சீவிப் பார்க்க வேண்டும். சாறு குடித்த எட்டும் மறுநாள். இதை அவளைத் தவிர யாரும் இவ்வளவு பதமாகச் செய்ய மாட்டார்கள். அவள் யோசிக்காமல் இல்லை. தண்ணீர் எலிகள் முட்டிக்கொண்டு சுற்றுகின்றன, ஒன்றும் தெரியாதவை, அவற்றுக்குள் அப்பாவுடையது ஒன்றும் இருக்காது என்று தனக்குத்தானே நியாயம் சொன்னாள். காலையில் தொடங்கி மத்தியானத்துக்குள் எட்டையும் முடித்தாள். எட்டாவது எலி அவள் விரலைப் பிடித்துக்கொண்டு போயிற்று.

மாலையில் கதவைத் திறந்தபோது அப்பா நாற்காலியில் இல்லை. உள் அறையில், சுவரில் மாட்டியிருந்த அம்மா படத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். வேறு எது போனாலும் அதுவரை அவர் அந்தப் படத்தைத் தினமும் தூசி தட்டியவர். கட்டை விரலால்தான் தட்டுவார்.

"இது யாரும்மா?" என்று கேட்டார்.

"நல்லா பாருங்கப்பா."

அவர் நன்றாகப் பார்த்தார். தலையை இந்தப் பக்கம் சாய்த்தும் பார்த்தார், அந்தப் பக்கம் சாய்த்தும் பார்த்தார். "லட்சணமா இருக்காங்க. இந்த வீட்டுக்காரங்களா?"

இருபத்திரண்டு ஆண்டுக் குடித்தனம், ஆஸ்பத்திரியில் கழிந்த கடைசி ஆறு மாதம், கோபம் வந்தால் அம்மா அவரை 'யோவ் மீட்டர்' என்று கூப்பிடுவது, எல்லாம் அந்த எட்டில் இருந்திருக்கிறது. தொலைந்த வழியைத் தேடித்தான் அவை சுவரில் முட்டிக்கொண்டிருந்தன போல. அவள் கையாலேயே முடித்தாயிற்று. அந்த ஞாபகம் பிறகு எப்போதும் திரும்பவில்லை. இதை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது.

மறுநாள் அவள் டாக்டரம்மா முன்னால் போய் நின்றாள். பூட்டிலிருந்து தொடங்கிப் படம் வரைக்கும் சொன்னாள். இடையில் அழவில்லை, அழுதால் அனுதாபம் கிடைக்கும், அது தனக்கு வேண்டாம் என்று முடிவு செய்திருந்தாள். டாக்டரம்மா ஏலக்காயை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினாள்.

"மிச்சம் எட்டையும் கொண்டு போறேங்க," என்றாள் மகள். "கேட்டுக்கிட்டு நிக்கல. சொல்றேன்."

"வேலை போயிடும்."

"போகட்டும்."

"எலிங்க செத்துப்போச்சுன்னு எழுதிட்டாப் போகாது," என்றாள் டாக்டரம்மா, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

"நிறைய எழுதிட்டேங்க அந்த நோட்டுல. இதையாவது உள்ளபடி எழுதறேன்."

எட்டு எலிகளையும் என் அப்பாவுக்காக வீட்டுக்கு எடுத்துச் செல்கிறேன் என்று தேதி போட்டுக் கையெழுத்திட்டாள். குழாய்கள் பதினாறையும் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். டாக்டரம்மா மூச்சுக்கு ஓட்டை போட்ட அட்டைப் பெட்டி ஒன்றைத் தானே தேடிக்கொண்டு வந்து கொடுத்தாள். வேலை அந்த வாரமே போயிற்று. ஆராய்ச்சிக் கட்டுரை அடுத்த ஆண்டு வெளிவந்தது. சாறு வேலை செய்கிறது என்று அதில் இருந்தது, அது பொய்யும் இல்லை. எட்டு விலங்குகள் குடும்பக் காரணத்தால் விலகின என்று அடிக்குறிப்பு இருந்தது.

வீட்டில் பூட்டைக் கழற்றி அவள் குப்பைக்காரரிடம் கொடுத்தாள். கதவு பகல் முழுக்கத் திறந்தே கிடந்தது. முதல் நாள் காலையில் அப்பா எழுந்து வெளியே போனார். எட்டு எலிகளும் பெட்டியை விட்டு இறங்கி அவருக்கு முன்னால் நடந்தன. அவள் பத்தடி பின்னால் நடந்தாள். எலிகள் நிற்கிற இடத்தில் அவர் நின்றார், திரும்புகிற இடத்தில் திரும்பினார். பஸ் வந்தால் அவை ஓரம் கட்டின. அவரும் ஓரம் கட்டினார். ஒன்றரை மணி நேரம் ஊரைச் சுற்றிவிட்டு, ஒரு தெருகூடத் தவறாமல் சொந்த வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தார்கள். முதல் வாரம் தெரு வேடிக்கை பார்த்தது. இரண்டாம் வாரம் இறைச்சிக் கடைக்காரர் தன் பூனையைக் காலை எட்டு முதல் ஒன்பதரை வரை கட்டிப்போட ஒப்புக்கொண்டார். பூனைக்கு மணி கட்ட ஆள் கிடைக்காத உலகத்தில் இது சின்ன விஷயம் இல்லை. மூன்றாம் வாரம் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் மாடியில் தையல்காரம்மாவுக்கு ஓரம் அடித்துக் கொடுத்துக் குடும்பத்தை ஓட்டினாள்.

எலிகள் கிழடுகள். ஒவ்வொன்றாகப் போகத் தொடங்கின. தூங்கவைத்துப் போனவை மாதிரி இல்லை. இவை தாமாகவே, பெரியவரின் மடியில் ஏறிப் படுத்துக்கொண்டு போயின. போகிறபோது தம்மிடம் இருந்ததை அவரிடமே இறக்கி வைத்துவிட்டுப் போயின. முதல் எலி போன மறுநாள் அவர் சட்டைப் பொத்தானை ஐந்தும் சரியாகப் போட்டுக்கொண்டு வந்தார். இரண்டாவதோடு நான்காம் தெருவும் ஐந்தாம் தெருவும் வந்தன. மூன்றாவது போன அன்று மகளைப் பார்த்து, "என்னம்மா, வேலைக்குப் போகலையா? நேரமாச்சே" என்றார். அவள் அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பத்து மாதத்தில் ஏழு எலிகள் போயின. ஆயிரத்து நூறு மீட்டரும் அவருக்கு வந்துவிட்டன. அம்மா மட்டும் வரவில்லை. அவளே உட்கார்ந்து சொன்னாள். 'யோவ் மீட்டர்' கதையைச் சொன்னபோது அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "கெட்டிக்காரி போலிருக்கே உங்கம்மா. நான் பார்த்திருக்கணும்," என்றார்.

மிச்சம் இருந்தது காது கிழிந்தது. அதற்கு அவள் பாலில் ரொட்டி ஊறவைத்துக் கொடுத்தாள், குளிருக்குத் துணி போட்டாள், மடியில் ஏறவிடாமல் பார்த்துக்கொண்டாள். தெருவில் எல்லோரும் எலி மேல் அவளுக்கு இருந்த பாசத்தைப் பற்றிப் பேசினார்கள். அது பாசம் இல்லை. அந்த எலி போனால் அந்த மூன்று ஆண்டும் அப்பாவுக்குத் திரும்பிவிடும். அவர் இப்போது சந்தோஷமாக இருக்கிறார். மகள் தன்னோடு எப்போதும் பேசிக்கொண்டே இருந்தவள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். ஒரு கிழட்டு எலியின் மூச்சுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு நல்ல மகளாக இருப்பது எவ்வளவு கேவலம் என்று அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தும் பால் கொடுத்தாள். நான்கு மாதம் இப்படி இழுத்தது. எலிக்குக் கண் தெரியாமல் போயிற்று, பின்னங்கால் விழுந்துபோயிற்று. ஒரு மத்தியானம் அது தன்னை இழுத்துக்கொண்டு அப்பாவின் நாற்காலி வரைக்கும் வந்து, காலடியில் நின்று, ஏற முடியாமல் ஒரு முன்னங்காலைத் தூக்கியது. அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்துபோய், தன் இரண்டு கையாலும் அதை எடுத்து அவர் மடியில் வைத்தாள்.

மூன்று மணி சுமாருக்கு அது போயிற்று. அப்பா குனிந்து அதன் முதுகைத் தடவிக் கொடுத்தார். நிமிர்ந்தபோது அவர் முகம் வேறாக இருந்தது.

"மூணு வருஷம்," என்றார். "ஒரு வார்த்த கூட பேசலையே நீ."

"பேசலப்பா."

"ஏன்னு எனக்குத் தெரியும். இருந்தாலும் உன் வாயால சொல்லு. நான் கேக்கணும்."

அவள் சொன்னாள். ஜெராக்ஸ் கடைக்காரர் பேச்சோடு பேச்சாகச் சொன்னதிலிருந்து தொடங்கினாள். முதலில் மெதுவாக, பிறகு மாடிக்குக் கேட்கிற மாதிரி. "என்னை ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல? ஒரே ஒரு வார்த்த?" என்று கத்தினாள். "நீ போயிட்டா நான் தனியா என்னடி பண்ணுவேன்னு பயந்துட்டேன், அதான்!" என்று அவரும் கத்தினார். அவ்வளவு சின்னக் காரணம் அது. மாடியில் தையல் மெஷின் நின்றது. தெருவிளக்கு எரிகிற வரை இருவரும் சண்டை போட்டார்கள், இருவரும் அழுதார்கள், மூன்று ஆண்டுக்கும் சேர்த்துப் பேசினார்கள். அதற்கு மன்னிப்பு இரண்டு பக்கமும் கிடைத்தது. சொன்னவர்களும் இருந்தார்கள், கேட்டவர்களும் இருந்தார்கள்.

அவள் அதோடு நிறுத்தவில்லை. பூட்டையும் சொன்னாள். தினமும் சொன்ன ஐந்து நிமிஷத்தையும், பத்து மணிக்கு அவர் தட்டியதையும், அரை மணியில் நின்றதையும், "அப்ப சரி" என்று தான் சொன்னதையும் ஒன்று விடாமல் சொன்னாள்.

அப்பா குழம்பிப்போய்ப் பார்த்தார். அந்த நாற்பது நாளில் எதுவும் அவரிடம் தங்கவே இல்லை. எந்த எலியிடமும் அது இல்லை. "எனக்கு அப்படி ஒண்ணும் ஞாபகம் இல்லையேம்மா," என்றார். அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "ஞாபகம் இல்லாத ஒண்ண நான் எப்படி மன்னிக்கறது?"

ஆக அது அவளிடமே தங்கியது. இன்னொரு ஆளிடமோ எலியிடமோ அதை இறக்கி வைக்க வழி இல்லாமல், அவள் அதை வைத்துக்கொண்டு வாழக் கற்றுக்கொண்டாள். கதவைத் திறந்தே வைத்தாள். மழை அடித்தால் சாரல் உள்ளே வந்தது, தெருநாய் வந்து படுத்தது, விற்பனைக்காரர்கள் கேட்காமல் நுழைந்தார்கள். கோடி வீட்டு ரிட்டயர்டு வாத்தியாரின் மருமகள், மாமனாருக்குப் பேச்சு தடுமாறுகிறது, எலி ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று கேட்டு வந்தாள். மகள் அவளை உட்காரவைத்து, "வீட்டுல அவரோட பேசறீங்களா?" என்று கேட்டாள். அந்தப் பெண் எழுந்து போனாள். இரண்டு நாள் கழித்து அந்த வீட்டிலிருந்து பேச்சுச் சத்தம் கேட்டது.

அந்த ஆண்டின் கடைசியில் அரசாங்கத்திலிருந்து வீடு வீடாக ஆள் எண்ணிக்கை எடுக்க ஒருவர் வந்தார். பெரியவர் அவரை உட்காரச் சொல்லி, எழுதுகிற அட்டையை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். வீட்டில் எத்தனை பேர் என்று வந்தவர் கேட்டார். பத்துப் பேர் இருந்தோம், எட்டுப் பேர் போய்விட்டார்கள், இப்போது இரண்டு பேர் என்றார் பெரியவர். வயதாகிப் போனார்களா என்று அவர் கேட்டார். ஆமாம், எல்லோருக்கும் இரண்டு வயதுக்கு மேல் என்றார் இவர். அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டு, குடிக்கத் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, அடுத்த வீட்டுக்குப் போனார்.